ஆல்பர்ட்டோ ஜாக்கோமெட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குச்சி போன்ற உடம்பு, கனத்த பாதங்கள், சற்றே முன்னால் சாய்ந்து அடியெடுத்து வைக்கும் ஒரு வெண்கல மனிதன். இந்தச் சிற்பத்தின் படத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். அதைச் செய்தவரைப் பற்றி ஓவியம் படிக்கும் பிள்ளைகளும் நண்பர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

யார் இவர்?

சுவிட்சர்லாந்தில் பிறந்து, வாழ்நாளின் பெரும்பகுதியைப் பாரிஸில் கழித்த சிற்பி, ஓவியர். பிறந்தது 1901 அக்டோபர் 10, மறைந்தது 1966 ஜனவரி 11. இருபதாம் நூற்றாண்டுச் சிற்பக்கலையில் மனித உருவத்தை இவர் அளவுக்கு விடாப்பிடியாகத் துரத்தியவர்கள் மிகச் சிலரே.

பெயரை எப்படி உச்சரிப்பது?

இத்தாலியப் பெயர். 'ஜாக்கோமெட்டி' என்பதே கிட்டத்தட்டச் சரியான ஒலி. ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்து 'ஜியாகோமெட்டி' என்றும் எழுதுகிறார்கள். இரண்டும் ஒருவரே.

சுவிஸ்காரருக்கு ஏன் இத்தாலியப் பெயர்?

அவருடைய ஊர் அப்படி. சுவிட்சர்லாந்தின் தென்கிழக்கு மூலையில், இத்தாலி எல்லையை ஒட்டிய பிரெகாலியா பள்ளத்தாக்கில் மக்கள் பேசுவது இத்தாலியம். அங்கே போர்கோனோவோ என்ற சிற்றூரில் பிறந்து, பக்கத்து ஊரான ஸ்டாம்பாவில் வளர்ந்தார். இரண்டு பக்கமும் மலை நெருக்கும் இடம் அது. கடைசிவரை அந்த ஊருக்கு வந்துபோய்க்கொண்டே இருந்தார்.

கலைக் குடும்பமா?

ஆமாம், நல்ல கலைக் குடும்பம். அப்பா ஜோவான்னி ஜாக்கோமெட்டி சுவிட்சர்லாந்தில் பெயர்பெற்ற ஓவியர். ஞானத்தந்தை கூனோ அமியே, அவரும் ஓவியர். வீட்டில் நான்கு பிள்ளைகள்: ஆல்பர்ட்டோ, டியேகோ, ஒட்டிலியா, புரூனோ. புரூனோ பின்னாளில் கட்டடக் கலைஞர் ஆனார். டியேகோவைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும், கீழே வருகிறேன். அம்மா அன்னெட்டா 1964 வரை இருந்தார். மகன் உலகப் புகழ் பெற்ற பிறகும் ஊருக்கு வந்தால் அம்மாவை உட்காரவைத்து வரைந்துகொண்டுதான் இருந்தார்.

பதின்மூன்று வயதில், 1914-இல், தம்பி டியேகோவின் தலையைச் செய்தார். அதுவே முதல் சிற்பம்.

அப்பாவின் அறையில் நடந்த ஒரு சம்பவத்தை ஜாக்கோமெட்டியே சொல்லியிருக்கிறார். பதினெட்டு, பத்தொன்பது வயது இருக்கும். மேசைமேல் வைத்த பேரிக்காய்களை வரைகிறார். தாளில் அவை மிகச் சிறியதாக வருகின்றன. அப்பா பார்த்துவிட்டு, "இருக்கிறபடி வரை, பார்க்கிறபடி வரை" என்கிறார். மகன் அழித்துவிட்டுப் பெரிதாகத் தொடங்குகிறார். அரை மணி நேரத்தில், மில்லிமீட்டர்கூட மாறாமல், பழைய சிறிய அளவிலேயே வந்து நிற்கிறது. அந்தத் தூரத்திலிருந்து அவர் கண்ணுக்குப் பேரிக்காய் அவ்வளவுதான். அப்பாவுக்குத் தெரிந்த பேரிக்காய் வேறு, மகன் கண்ணில் பட்ட பேரிக்காய் வேறு. பிற்காலத்தில் அவர் செய்த எல்லாவற்றுக்கும் விதை இந்தச் சின்ன மேசையில் கிடக்கிறது என்று நினைக்கிறேன்.

விளக்கை அணைக்காமல்தான் தூங்குவாராமே?

உண்மை. 1921-இல், இருபது வயது நிறைவதற்குள், ஒரு வயதான டச்சுக்காரருடன் வட இத்தாலியில் பயணம் போனார். ரயிலில் பழக்கமானவர், துணைக்கு வரச் சொல்லி அழைத்திருந்தார். போன இடத்தில், மலை ஊர் விடுதி ஒன்றில், அந்த மனிதர் நோயுற்று அவர் கண்முன்னே இறந்துபோனார். பேசிக்கொண்டிருந்த ஆள் சில மணி நேரத்தில் வெறும் பொருளாகக் கிடந்ததை அவரால் மறக்க முடியவில்லை. அதற்குப் பிறகு இருட்டில் படுத்ததே இல்லை.

பாரிஸுக்கு எப்போது போனார்? யாரிடம் படித்தார்?

1922 ஜனவரியில். புகழ்பெற்ற பிரெஞ்சுச் சிற்பி ரோதேனிடம் உதவியாளராக இருந்த அந்த்வான் புர்தெல், மோன்பர்னாஸ் பகுதியில் ஒரு கலைப்பள்ளியில் கற்பித்துவந்தார். அங்கே சேர்ந்தார். ஆளை முன்னால் நிறுத்திச் செய்யும்போது தலையைப் பார்த்தால் உடம்பு தப்பியது, மூக்கைப் பார்த்தால் முகம் தப்பியது. 1925 வாக்கில் சலித்துப்போய், இனி நினைவிலிருந்து செய்கிறேன் என்று முடிவெடுத்தார். அந்த ஆண்டுதான் டியேகோவும் பாரிஸ் வந்து சேர்ந்தார்.

அவரைச் சர்ரியலிஸ்ட் என்கிறார்களே?

கனவையும் ஆழ்மனத்தையும் கலையாக்க முயன்ற அந்தக் குழுவில் சில ஆண்டுகள் இருந்தார். ஆப்பிரிக்கச் சிற்பங்களின் தாக்கத்தில் செய்த 'கரண்டிப் பெண்', தட்டையான பலகையில் இரண்டு குழிகள் மட்டும் கொண்ட 'பார்க்கும் தலை' ஆகியவை 1920-களின் பிற்பகுதியில் வந்தன. அடுத்து, கூண்டுக்குள் கயிற்றில் தொங்கும் ஒரு பந்து, கீழே பிறை வடிவத் துண்டு. தொடுவதுபோல் நெருங்கித் தொடாமல் நிற்கும். 'தொங்கும் பந்து' என்ற இந்தச் சிற்பத்தைப் பார்த்துத்தான் சர்ரியலிஸ்டுகளின் தலைவர், கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன் அவரைத் தம் குழுவுக்குள் அழைத்தார்.

அந்தக் காலத்துப் படைப்புகளில் எனக்கு மிகவும் பிடித்தது 1932-இல் செய்த 'அதிகாலை 4 மணி அரண்மனை'. மெல்லிய மரக்குச்சிகளால் கட்டிய ஒரு வீட்டின் எலும்புக்கூடு. ஒரு பக்கம் நீள அங்கியுடன் நிற்கும் பெண், ஒரு கூண்டில் தொங்கும் முதுகெலும்பு, மேலே ஒரு பறவையின் எலும்புக்கூடு, நடுவே கண்ணாடித் துண்டு. தாம் காதலித்த பெண்ணுடன் ஆறு மாதம் இரவிரவாகத் தீக்குச்சிகளால் அரண்மனை கட்டியதாகவும், ஒரு குச்சி பிசகினாலும் முழுக்கச் சரிந்துவிடும் என்றும், உடனே மறுபடி தொடங்குவோம் என்றும் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். இப்போது நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இதே ஆண்டுகளில் வயிற்றுப்பாட்டுக்காக, உள்அலங்காரக் கலைஞர் ழான் மிஷேல் பிராங்குக்கு விளக்குகளும் ஜாடிகளும் செய்து கொடுத்தார். அதிலும் குறை வைக்கவில்லை.

பிறகு ஏன் அந்தக் குழுவிலிருந்து வெளியேறினார்?

மறுபடியும் ஓர் ஆளை எதிரில் உட்காரவைத்துத் தலை செய்ய ஆசைப்பட்டார், அதுதான் குற்றம். "தலை எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியுமே" என்று பிரெத்தோன் சொன்னதாகச் சொல்வார்கள். ஜாக்கோமெட்டிக்குத் தெரியவில்லை. 1935 தொடக்கத்தில் உறவு முறிந்தது. நண்பர்கள் போனார்கள், வாங்குபவர்களும் போனார்கள்.

ஒரு வாரம், இரண்டு வாரம் ஆளைப் பார்த்துச் செய்தால் போதும், பிடி கிடைத்துவிடும் என்று நினைத்து உட்கார்ந்தவர், 1935 முதல் 1940 வரை அதையேதான் செய்துகொண்டிருந்தார். காலையில் டியேகோ, மதியத்துக்கு மேல் ரீட்டா என்ற மாடல் பெண். தினமும் அதே இரண்டு தலைகள். கையில் இருந்த புகழை விட்டுவிட்டு, தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, அரிச்சுவடியிலிருந்து ஆரம்பித்த அந்த ஐந்து ஆண்டுகளுக்காகவே இவரை நான் வணங்குகிறேன்.

சிற்பங்களைத் தீப்பெட்டியில் கொண்டுபோனார் என்பது கதையா?

பெரும்பாலும் உண்மைதான். 1937 வாக்கில் ஓர் இரவு, பாரிஸின் சான் மிஷேல் பெருஞ்சாலையில் தோழி இசபெல் தூரத்தில் நிற்பதைப் பார்த்தார். சின்ன உருவம், மேலே பிரம்மாண்டமான இருட்டு. அந்தக் காட்சியைச் செய்ய முயன்றார். பெரிதாகச் செய்தால் அந்தத் தூரம் தொலைந்துபோனது. தூரத்தைக் காப்பாற்றப் போனால் உருவம் சுருங்கியது. கத்தி கடைசியாகப் பட்டதும் சில சிலைகள் பொடியாகிக் காணாமலே போயின.

1939-இல் சூரிச்சில் நடந்த சுவிஸ் தேசியக் கண்காட்சியில் ஒரு முற்றத்துக்குச் சிற்பம் கேட்டார்கள். ஏற்பாட்டில் தம்பி புரூனோவும் இருந்தார். ஆல்பர்ட்டோ கொண்டுவந்தது தீப்பெட்டிக்குள் அடங்கும் உருவம். பெரிய மேடையில் அதை வைக்க அமைப்பாளர்கள் சம்மதிக்கவில்லை, அவருடைய பழைய படைப்பு ஒன்றை வைத்தார்கள்.

போர்க்காலத்தில், 1941 கடைசியிலிருந்து 1945 வரை, ஜெனீவாவில் ஒரு சிறிய விடுதி அறையில் இருந்தார். அங்கே செய்ததெல்லாம் ஆறு தீப்பெட்டிகளுக்குள் அடங்கிப் பாரிஸ் திரும்பியது என்று அவரே சொல்வார். ஆனால் இதே காலத்தில் ஊர்ப்பக்கம் மலோயாவில் இருந்த குடும்ப வீட்டில், சக்கரம் வைத்த மேடைமேல் நிற்கும் ஆளுயரப் பெண் உருவம் ஒன்றையும் செய்தார். ஆகவே எல்லாமே தீப்பெட்டி அளவு என்று சொல்லிவிட முடியாது.

சரி, ஏன் எல்லாரும் இவ்வளவு ஒல்லி?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். அவர் திட்டமிட்டு மெலியச் செய்யவில்லை. உயரமாகச் செய்ய வேண்டும், இந்த முறை சுருங்கவிடக் கூடாது என்று 1945-46-இல் தமக்குத் தாமே கட்டளை போட்டுக்கொண்டார். உயரத்தைப் பிடித்துவைத்தார், அகலம் கையைவிட்டுப் போனது. மெலிந்து நீண்டால்தான் உண்மையான ஆளைப்போல் இருந்தது என்பது அவருக்கே ஆச்சரியமாக இருந்திருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள ஒரு வழி சொல்கிறேன். தெருவின் அந்தக் கோடியிலிருந்து ஒருவர் உங்களை நோக்கி நடந்து வருகிறார். சட்டைப் பொத்தானும் கைவிரலும் தெரியாது. ஆனால் யார் என்று தெரிந்துவிடும். வெயிலில் அசையும் ஒரு கோடு, நடையில் ஒரு சாயல், அவ்வளவுதான். அவர் அருகே வந்து நின்றதும் மூக்கும் தாடையும் வந்துவிடும், முதலில் கண்ட முழு ஆள் கலைந்துவிடுவார். ஜாக்கோமெட்டி அந்த முதல் காட்சியை வெண்கலத்தில் நிறுத்தப் பார்த்தார். நீங்கள் சிலைக்கு எவ்வளவு கிட்டப் போனாலும் அது தூரத்திலேயே நிற்கும்.

இன்னொரு விளக்கமும் அவர் கொடுத்திருக்கிறார். தெருவில் நடந்துபோகிற மனிதனுக்கு எடையே இல்லை. அதே மனிதன் மயங்கி விழுந்தாலோ இறந்தாலோ தூக்க முடியாத கனம். உயிரோடிருப்பவரின் அந்த லேசான தன்மையைத்தான் தம்மையறியாமல் தேடினேன் என்றார்.

சிற்பங்களின் முன் நின்று பார்த்தால் ஒன்று கவனத்துக்கு வரும். ஆண்கள் நடக்கிறார்கள், பெண்கள் அசையாமல் நேரே நிற்கிறார்கள், எகிப்தியச் சிலைகள் நிற்பதுபோல. பாதங்கள் மட்டும் எல்லாருக்கும் பெரிது. மண்ணை விட்டுக் கிளம்ப முடியாதவைபோல் அடித்தளத்தோடு ஒட்டியிருக்கும்.

போரிலும் வதைமுகாம்களிலும் வதைபட்டவர்களின் உருவங்கள்தானே இவை?

நிறையப் பேர் அப்படிப் படித்தார்கள். 1948 ஜனவரியில் நியூயார்க்கில் பியர் மத்தீஸின் கலைக்கூடத்தில் இவை முதன்முதலாகக் கூட்டமாகக் காட்சிக்கு வந்தபோது, உலகம் வதைமுகாம் புகைப்படங்களைப் பார்த்து உறைந்துபோயிருந்த நேரம். கண்காட்சிக் கையேட்டுக்குத் தத்துவவாதி சார்த்தர் கட்டுரை எழுதியிருந்தார், அதனால் மனிதனின் தனிமையையும் சுதந்திரத்தையும் பேசும் அவருடைய இருத்தலியல் தத்துவத்தின் முத்திரையும் விழுந்தது. பார்ப்பவர் மனதில் அந்த நினைவு எழுவது நியாயம். ஆனால் ஜாக்கோமெட்டி அதைச் சொல்லவில்லை, பார்ப்பதைப் பற்றியே பேசினார். அவர் பேச்சை நம்புவதே சரி என்பது என் எண்ணம். துயரச் சின்னமாக மட்டும் எடுத்துக்கொண்டால், அந்த உருவங்களில் இருக்கும் விறைப்பும் பிடிவாதமும் கண்ணில் படாமல் போய்விடும்.

அவருடைய பட்டறை எப்படி இருந்தது?

பாரிஸின் 14-ஆம் வட்டாரத்தில், இப்போலித் மேந்த்ரோன் தெரு, 46-ஆம் எண். 1926 கடைசியில் குடிபுகுந்தார். சுமார் 23 சதுர மீட்டர், நம் கணக்கில் 250 சதுர அடிகூட இல்லை. குழாய் வெளியே முற்றத்தில், கழிப்பறையும் வெளியே. குளிருக்கு ஒரு கரி அடுப்பு. சுவரெங்கும் கத்தியாலும் தூரிகையாலும் கிறுக்கிய உருவங்கள், தரையில் பிளாஸ்டர் பொடி, மேசையில் தின்னர் பாட்டில்களும் சிகரெட் துண்டுகளும். விடியும்வரை வேலை செய்துவிட்டுத் தூங்குவார். பகலில் எழுந்ததும் பக்கத்துக் காபிக் கடையில் அவித்த முட்டை, ரொட்டி, ஒயின், காபி, அப்புறம் மறுபடி வேலை.

பணம் கொட்டத் தொடங்கிய பிறகு தம்பிக்கு வீடு வாங்கினார், மனைவிக்கு வீடு வாங்கினார். தமக்கு மட்டும் அந்த அறையே போதும் என்று நாற்பது ஆண்டுகள் இருந்துவிட்டார். இருக்க இருக்க அறை பெரிதாகிக்கொண்டே போனது என்பார்.

சிற்பங்களை எப்படிச் செய்தார்?

முதலில் கம்பியால் ஒரு கூடு. அதன்மேல் களிமண். விரல்கள் மேலும் கீழும் ஓடிக்கொண்டே இருக்கும், கிள்ளும், அப்பும், பிறகு சின்னக் கத்தியால் கீறுவார். களிமண்ணிலிருந்து அச்செடுத்து பிளாஸ்டர் ஊற்றுவார்கள். பிளாஸ்டரையும் அவர் சும்மா விடமாட்டார், சுரண்டுவார், சில சமயம் வண்ணமும் பூசுவார். அதிலிருந்து வார்ப்படப் பட்டறையில் வெண்கலம் வார்ப்பார்கள். ஒரு படைப்புக்குப் பெரும்பாலும் ஆறு முதல் எட்டுப் பிரதிகள்.

1956-இல் வெனிஸ் பினாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சிக்காகச் செய்த 'வெனிஸ் பெண்கள்' வரிசை இதற்கு நல்ல சான்று. ஒரே கம்பிக்கூட்டில், அதே களிமண்ணில் ஒரு பெண்ணைச் செய்துகொண்டே போவார். ஒரு நிலை பிடித்திருந்தால் டியேகோ அதற்கு அச்செடுத்துவிடுவார். உடனே அண்ணன் அதே களிமண்ணைக் கலைத்துத் தொடர்வார். வரிசையில் நிற்கும் அத்தனை பெண்களும் ஒரே மண் ஒவ்வொரு நாள் எடுத்த உருவம்.

அந்தத் தம்பி டியேகோ வெறும் உதவியாளரா?

அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. கம்பிக்கூடு கட்டுவது, அச்செடுப்பது, வார்ப்புக்குக் கொண்டுபோவது, வெண்கலத்துக்கு ரசாயனத்தால் நிறமேற்றுவது எல்லாம் அவர்தான். அண்ணன் ஆத்திரத்தில் உடைக்கப் போனதை எத்தனையோ முறை காப்பாற்றியிருக்கிறார். போர்க்காலத்தில் அண்ணன் ஜெனீவாவில் இருக்க, பாரிஸில் தங்கிப் பட்டறையைப் பார்த்துக்கொண்டதும் அவர்தான். அதற்கு மேல், வாழ்நாள் முழுக்க மாடலாக உட்கார்ந்தார். தனியாக அவர் செய்த வெண்கல நாற்காலி, மேசை, விளக்குகளும் புகழ்பெற்றவை. பாரிஸ் பிக்காசோ அருங்காட்சியகத்தில் அவர் செய்த அறைகலன்கள் இருக்கின்றன.

சூரிச் நகரின் கலை அருங்காட்சியகமான குன்ஸ்ட்ஹவுஸில் 1950-களின் டியேகோ தலை ஒன்றைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பக்கவாட்டில் முழு மனிதன்: நெற்றி, எடுப்பான மூக்கு, தாடை. இரண்டடி நகர்ந்து நேருக்கு நேர் நின்றால் கத்தி விளிம்புபோல் ஆகிவிடுகிறது. அந்த ஒடுங்கிய விளிம்பில் இரண்டு கண்கள் மட்டும் நம்மைப் பிடித்து நிறுத்துகின்றன. காவலர் இரண்டு முறை என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார்.

ஓவியரா, சிற்பியா?

இரண்டும். 1962-இல் வெனிஸ் பினாலேவில் சிற்பத்துக்கான பெரும்பரிசு, 1964-இல் ஓவியத்துக்காக நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகத்தின் சர்வதேச விருது. அவருடைய ஓவியங்களில் பெரும்பாலும் சாம்பலும் மங்கிய காவியும் கறுப்பும்தான். எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரே ஓர் ஆள், சுற்றிலும் கோடுகளால் ஒரு சட்டம். முகத்தில் மட்டும் நூறு கோடுகள் மொய்க்கும். மற்றதெல்லாம் கரைந்து கிடக்கும்.

மாடலாக உட்கார்வது எளிதில்லை. ஜப்பானியத் தத்துவப் பேராசிரியர் இசாகு யனைஹாரா 1956-இல் ஊர் திரும்ப வேண்டியவர், படம் முடியவில்லை என்று பயணத்தைத் தள்ளிக்கொண்டே போனார். பின்னால் பல கோடைகளில் இதற்காகவே திரும்பி வந்தார். அமெரிக்க எழுத்தாளர் ஜேம்ஸ் லார்ட் 1964-இல் ஒரு மதியம் உட்கார்ந்தால் போதும் என்று வந்து, பதினெட்டு நாள் உட்கார்ந்தார். ஒவ்வொரு நாளும் முகம் உருவாகும், மாலைக்குள் அழிந்துவிடும், மறுநாள் மீண்டும் உருவாகும். முடியவில்லை, வரவில்லை, எல்லாம் பாழ் என்று புலம்பிக்கொண்டேதான் வரைவார். ஆனாலும் தூரிகையைக் கீழே வைக்கமாட்டார்.

மனைவி?

அன்னெட் ஆர்ம். ஜெனீவாவில் 1943-இல் சந்தித்தார்கள், 1946-இல் பாரிஸ் வந்தார், 1949-இல் திருமணம். வசதி இல்லாத அந்த அறையில் வாழ்ந்தவர், எத்தனையோ சிற்பங்களிலும் ஓவியங்களிலும் இருப்பவர். கணவர் வேறு பெண்களோடும் பழகினார், அன்னெட் நிறைய வேதனைப்பட்டார். கணவர் போன பிறகு பட்டறைச் சுவர்களைப் பெயர்த்துக் காத்துவைத்ததும், படைப்புகளைப் பட்டியலிட உழைத்ததும் அவரே.

'நடக்கும் மனிதன்' எங்கே வைக்கச் செய்தது?

நியூயார்க்கில் ஒரு வங்கித் தலைமையகத்தின் முன்னால் இருக்கும் சதுக்கத்துக்கு. நடக்கும் ஆண், உயரமான பெண், பெரிய தலை என்று மூன்றும் சேர்ந்து நிற்க வேண்டும். அந்த நகரத்தையே அப்போது அவர் பார்த்ததில்லை. செய்து செய்து பார்த்தார், திருப்தி வரவில்லை, திட்டத்தையே கைவிட்டார். தனித்தனியாக 1960-இல் செய்தவைதான் இன்று நாம் பார்ப்பவை. 'நடக்கும் மனிதன் I' 183 சென்டிமீட்டர் உயரம், ஏறக்குறைய ஒரு ஆள். 1965-இல் நியூயார்க் போனபோது அந்தச் சதுக்கத்தில் போய் நின்று பார்த்தார்.

விலை எவ்வளவுக்குப் போயின?

2010 பிப்ரவரியில் லண்டன் ஏலத்தில் 'நடக்கும் மனிதன் I' 6.5 கோடி பவுண்டுக்குப் போனது. 2015 மே மாதம் நியூயார்க்கில் 1947-ஆம் ஆண்டின் 'சுட்டிக்காட்டும் மனிதன்' 14.13 கோடி டாலருக்கு விற்று, ஏலத்தில் சிற்பங்களுக்கான சாதனை படைத்தது. அந்தச் சிற்பத்தை நள்ளிரவில் தொடங்கிக் காலை ஒன்பது மணிக்குள் செய்து முடித்தார். வார்ப்படப் பட்டறை ஆட்கள் எடுக்க வந்தபோது பிளாஸ்டர் ஈரமாகவே இருந்தது. 1998 முதல் புழக்கத்தில் இருந்த சுவிஸ் 100 பிராங்க் நோட்டிலும் அவர் முகமும் நடக்கும் மனிதனும் இருந்தன.

விலை ஏறியதும் போலிகளும் பெருகின. 2009-இல் ஜெர்மன் போலீஸ் ஒரே கும்பலிடமிருந்து ஆயிரம்போல் போலிச் சிலைகளைக் கைப்பற்றியது.

இப்போது எங்கே பார்க்கலாம்?

சூரிச் குன்ஸ்ட்ஹவுஸில் பெரிய தொகுப்பு இருக்கிறது. பாரிஸில் 2018-இல் திறந்த ஜாக்கோமெட்டி நிலையத்தில், அன்னெட் காத்துவைத்த சுவர்களோடும் பொருள்களோடும் பட்டறையை அப்படியே மீட்டமைத்திருக்கிறார்கள். பிரான்ஸின் தெற்கே சான் போல் த வான்ஸில் மேக் கலை அறக்கட்டளையின் முற்றத்தில் உருவங்கள் திறந்தவெளியில் நிற்கின்றன. நேரம் இருந்தால் அந்த முற்றத்தில் வெயில் சாயும்போது பாருங்கள். நிழல் சிலையைவிட நீளமாகிவிடும்.

கடைசியாகச் செய்த சிற்பம் எது?

புகைப்படக் கலைஞர் எலி லோத்தாரின் மார்பளவு உருவம். 1963-இல் வயிற்றுப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை நடந்திருந்தது. 1965 டிசம்பரில் உடல் மோசமாகி, சுவிட்சர்லாந்தின் கூர் நகர மருத்துவமனைக்குப் போனார். களிமண் காயாமலிருக்க அந்த உருவத்தின்மேல் ஈரத்துணி சுற்றிவிட்டுத்தான் போயிருந்தார்.

ஜனவரி 11 இரவு அவர் இறந்தார். டியேகோ உடனே பாரிஸ் திரும்பினார். அடுப்பு எரியாத அறையில் துணி உறைந்து களிமண்ணோடு ஒட்டிக்கிடந்தது. இழுத்தால் முகம் பெயர்ந்துவிடும். டியேகோ அடுப்பை மூட்டி, அறை மெல்லச் சூடாகும்வரை காத்திருந்து, துணியை ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தெடுத்தார். பின்னர் அதை வெண்கலத்தில் வார்த்து, போர்கோனோவோ கல்லறையில் அண்ணன் தலைமாட்டில் வைத்தார். பக்கத்தில் தாம் செய்த ஒரு சின்ன வெண்கலப் பறவையையும் வைத்தார்.